மருந்து என்றொரு சொல்

மதுரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பேருந்து திருமங்கலத்தையும் கள்ளிக்குடியையும் கடந்தபின் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. கரிசல் நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிகிறது. சாலையின் இருமருங்கிலும் சீமைக்கருவேலம். இடையிடையே மழையை எதிர்பார்த்து உழுது போட்ட புஞ்சைகள். வானம் பார்த்த பூமி என்று சொல்வார்களே, அதுவே இது. வானம் பொய்த்தபோது இம்மக்கள் தீப்பெட்டியையும் பட்டாசையும் நம்பிப் பிழைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

சிவகாசிக்கு அண்மையில் பங்குப் பணி புரியும் குருவானவர் ஒருவர் நம் குருமடத்துத் தோழர். அவருடைய கிளைக் கிராமம் ஒன்றில் ஞாயிறு திருப்பலி நிறைவேற்ற ஆடி மாதத்தில் நம்மை அழைத்திருந்தார். தீபாவளிக்கான வேலை மும்முரமாக நடக்கும் காலம். ஊரைப் பார்த்து வரலாம், இரண்டு நாள் ஓய்வாகவும் இருக்கும் என்ற எண்ணத்துடனேயே புறப்பட்டோம். ஆனால் அந்த இரண்டு நாளில் ஒரே ஒரு சொல் நம்மைப் பின்தொடர்ந்து வந்தது. அதைப் பற்றியே இங்கு எழுத நேர்ந்தது.

விருதுநகரில்

விருதுப்பட்டி என்பது விருதுநகரின் பழைய பெயர். வத்தலும் மல்லியும் பருப்பும் எண்ணெயும் விற்கும் சந்தையாக வளர்ந்த ஊர். ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று செய்தித்தாள்கள் விலைப்பட்டியல் அச்சிடும் பெருமை இதற்கு உண்டு. பேருந்தை விட்டிறங்கியதும் மிளகாய் வத்தல் நெடி தும்மலுடன் வரவேற்கிறது. 1903இல் இங்கே பிறந்த காமராசர் வாழ்ந்த எளிய வீட்டைக் கண்டு வணங்கினோம். முதலமைச்சராய் இருந்தவர் வீடா இது என்று எவரும் வியப்பர்.

இவ்வூரின் மற்றொரு மகன் தியாகி சங்கரலிங்கனார். 1956 ஜூலை 27 அன்று இங்கே உண்ணாநோன்பு தொடங்கி, எழுபது நாள்களுக்கும் மேலாக உணவின்றிக் கிடந்து, அக்டோபர் 13இல் உயிர் நீத்தார். தமிழ்நாடு என்ற பெயருக்காக உயிர் கொடுத்தவர் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவருடைய கோரிக்கைகளுள் மற்றொன்றைப் பலர் மறந்துவிட்டனர். இந்தியா முழுவதிலும் மதுவிலக்கு வேண்டும் என்பதே அது.

தம் மாநிலத்தின் பெயருக்காகப் பட்டினி கிடந்தவர், மதுவிலக்கை நாடு முழுவதற்கும் ஏன் கேட்டார்? அக்காலத்து நிலை அதை விளக்கும். 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. ஆனால் புதுச்சேரியும் காரைக்காலும் அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தன. 1954இல்தான் அவை இந்தியாவுடன் சேர்ந்தன. ஒரே ஊர், ஒரே மொழி. நடுவே ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு இப்பால் கள்ளும் சாராயமும் குற்றம், அப்பால் அவை வாணிகம். ஒரு வீட்டில் மட்டும் கதவை அடைத்தால் பக்கத்து வீட்டுச் சன்னல் வழியே சரக்கு வந்துவிடும். இது அயலானின் குற்றமா, நம் குற்றமா என்று வழக்காடத் தொடங்கினால் உறவு கெடும், சரக்கு மட்டும் நிற்காது. இந்த எண்ணத்தோடு சிவகாசிப் பேருந்தில் ஏறினோம்.

மருந்துக்குக் கோபம்

ஆமத்தூரையும் திருத்தங்கலையும் கடந்து செல்லும் சாலையில் பட்டாசு ஆலைகளை எளிதில் அடையாளம் காணலாம். நெருங்கிய கட்டடங்கள் கிடையா. கருவேலங்காட்டுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று எட்டிநிற்கும் சின்னஞ்சிறு அறைகள். ஓரறையில் தீப்பிடித்தால் மற்றோர் அறைக்குப் பரவலாகாது என்பதற்கே அந்த இடைவெளி. ஓரறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு சரக்குத்தான் வைக்கலாம் என்றெல்லாம் சட்டம் உண்டு. சட்டத்தை மறந்த நாளில் நேர்வதையும் இம்மண் அறியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் உதவிக்கு ஓடிய அக்கம்பக்கத்தாரும் இருந்தனர்.

நம் தோழரின் பங்கைச் சேர்ந்த போர்மேன் ஒருவர், சனிக்கிழமை மாலை வேலை முடிந்தபின் தம் ஆலையைக் காட்ட இசைந்தார். வாயிலில் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, “செருப்பையும் கழற்றிருங்க சாமி” என்றார். எரியும் முட்செடியின் முன் மோயீசன் காலணியைக் களைந்த காட்சி நம் நினைவில் வந்தது. அங்கே தூய்மைக்காகக் களைந்தார், இங்கே உராய்வுக்கு அஞ்சிக் களைகிறோம். இரண்டிலும் அச்சம் உண்டு.

“இது மருந்து கலக்குற அறை. அது மருந்து செலுத்துற அறை. அங்கே காயுறது மணி மருந்து” என்று ஒவ்வொன்றாய்ச் சுட்டிக் காட்டினார். இப்பகுதியில் வெடிக்கலவையை எவரும் வெடிமருந்து என்று முழுப்பெயரிட்டு அழைப்பதில்லை. மருந்து என்றாலே அதுதான். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவை தனித்தனியே இருக்கும்போது பெட்டிக்குள் உறங்குகின்றன. சேர்ந்ததும் விழித்துக்கொள்கின்றன. “மருந்துக்குக் கோபம் வரவிடக் கூடாது சாமி. அதைப் பக்குவமாய் வச்சிருக்கிறவரைக்கும் அது நமக்குச் சோறு போடும்” என்றார் அந்த அனுபவசாலி.

அவருக்கு ஒரு மனக்குறையும் உண்டு. குளோரேட் உப்பைக் கந்தகத்தோடு சேர்த்தால் சிறு உராய்விலும் தீப்பற்றும். ஆகவே 1992இல் அரசு அக்கலவையைத் தடை செய்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் விலக்கிப் பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. உயிரையும் காற்றையும் காக்கும் நோக்கம் நல்லதே. ஆனால் இங்கே விலக்கப்பட்ட கலவையில் செய்த சீனப் பட்டாசுகள், வேறு சரக்கு என்று எழுதிய பெட்டகங்களில் துறைமுகம் வந்து பிடிபடுகின்றன. “சரக்குக்குச் சட்டம் தெரியாது சாமி. எந்த ஊர்ல வழி இருக்கோ அங்கே செய்வான், எந்த ஊர்ல விலை இருக்கோ அங்கே கொண்டாருவான்” என்றார். பல மாநாடுகளில் அறிஞர்கள் நீட்டி முழக்கும் செய்தியை அவர் இரண்டே வரியில் சொல்லிவிட்டார்.

சீனத்துக்கு நாம் அனுப்பிய சரக்கு

சீனவெடி என்ற பெயரே வெடி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும். சாவாமைக்கு மருந்து தேடிய சீனத்து இரசவாதிகள் உப்பையும் கந்தகத்தையும் கரியையும் கலந்தபோது தற்செயலாய்ப் பிறந்தது வெடிமருந்து. சீனமொழியில் அதன் பெயருக்கு ‘நெருப்பு மருந்து’ என்பது பொருள். நம் சிவகாசித் தொழிலாளி வழங்கும் அதே சொல்!

அந்தச் சீனத்துக்கு இந்திய மண்ணிலிருந்து சென்ற சரக்கு யாது? அபினி. 1773இல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்து அபினியைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பீகாரிலும் காசிப் பகுதியிலும் விளைந்ததைக் கல்கத்தாவில் ஏலம் விட்டனர். ஏலம் எடுத்த வணிகர் அதைக் கள்ளத்தனமாய்ச் சீனத்தில் இறக்கினர். சீன அரசு அதைத் தடை செய்திருந்தது, இந்தியாவை ஆண்ட அரசோ அதனால் கருவூலத்தை நிரப்பியது. 1839இல் லின் சேஷூ என்ற சீன அதிகாரி 20,000க்கும் மேற்பட்ட அபினிப் பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தார். அதைக் காரணமாக்கி ஆங்கிலேயர் போர் தொடுத்து, 1842இல் ஆங்காங்கைப் பறித்தனர். 1856இல் மீண்டும் ஒரு போர். 1907இல்தான் இந்திய அபினி ஏற்றுமதியை ஆண்டுதோறும் குறைத்து நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. ஓர் அரசு தன் நாட்டில் எதை விளைவிக்கலாம், எதை விற்கலாம் என்று வகுத்த கொள்கை, அயல்நாட்டின் பல தலைமுறைகளைச் சீரழித்தது. அந்த வடுவைச் சீனர் இன்றும் மறந்தாரல்லர்.

அதே கல்கத்தாவுக்கு 1922இல் சிவகாசியிலிருந்து இரு இளைஞர் சென்றனர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து ஓர் ஊரையே வாழவைத்தனர். ஒரே துறைமுகத்திலிருந்து நஞ்சும் போயிற்று, பிழைப்பும் வந்தது.

அபினிச்செடி இன்றும் இந்தியாவில் விளைகிறது. மத்தியப் பிரதேசம், இராசஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்றோர் பயிரிடுகின்றனர். காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் உள்ளன. புற்றுநோயாளியின் வேதனை தணிக்கும் மார்பின் அதிலிருந்தே கிடைக்கிறது. நம் இல்லத்தரசிகள் குருமாவுக்கு அரைக்கும் கசகசா அச்செடியின் விதையே. அதை வளைகுடா நாடுகள் சிலவற்றுக்கு எடுத்துச் செல்வது குற்றம் என்பதை, பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் பெற்றோர் நினைவில் கொள்க. இங்கே மளிகைக்கடையில் வாங்கியது அங்கே விமான நிலையத்தில் விலங்கு பூட்டும்.

கரையிலிருந்து வந்தவன்

சனிக்கிழமை இரவு பங்கு இல்லத்தில் உணவருந்தி அமர்ந்திருந்தபோது ஓர் இளைஞன் வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். “சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி” என்று கைகூப்பிய முறையிலேயே கடற்கரைப் பிள்ளை என்று தெரிந்தது. 1985 வரையில் விருதுநகரும் இராமேசுவரமும் ஒரே இராமநாதபுரம் மாவட்டமாய் இருந்தவையே. மாவட்டம் பிரிந்தாலும் பிழைப்புத் தேடும் பாதை பிரியவில்லை. படகுத் தொழிலை விட்டுவிட்டு ஓராண்டாக இங்கே பட்டாசுப் பெட்டிகளை லாரியில் ஏற்றும் வேலை செய்கிறான்.

தனியே பேச வேண்டும் என்றான். பாவசங்கீர்த்தனமா என்று கேட்டோம். “இல்ல சாமி, யோசனை கேக்கணும்” என்றான். பெயரையும் ஊரையும் மறைத்து எழுத அவனே இசைவு தந்தமையால் இதை எழுதுகிறோம்.

அக்காள் கணவர் படகு பிடிபட்டுப் போனதில் குடும்பத்துக்குப் பெருங்கடன். அக்கடனை ஒரே இரவில் தீர்க்கலாம் என்று ஒருவன் கைபேசியில் அழைத்துக்கொண்டே இருக்கிறான். நடுக்கடலில் ஒரு மூட்டையைக் கைமாற்றிவிட்டால் போதுமாம்.

“கஞ்சா இல்லையாம் சாமி. வெறும் மாத்திரையாம். நம்ம மருந்துக்கடையில விக்கிற மருந்துதானாம். இங்கே தப்பில்லாதது அங்கே எப்படி சாமி தப்பாகும்?”

பகலெல்லாம் கேட்ட அதே சொல். நோய் தீர்ப்பதும் மருந்து, வெடிப்பதும் மருந்து, அறிவை மயக்குவதும் மருந்து. நாம் உடனே விடை கூறவில்லை. அவன் வினாவில் ஒரு நியாயம் இருப்பதுபோல் தோன்றியதே காரணம். பிறகு அவனுக்கு 2011ஆம் ஆண்டின் செய்தியை நினைவூட்டினோம். அப்போது அவன் சிறுவன். ஆயினும் அத்தீவில் பிறந்த எவனும் அதை மறக்கவில்லை.

ஐவரும் மூவரும்

2011 நவம்பர் 28 அன்று தங்கச்சிமடம் பகுதியிலிருந்து கடலுக்குச் சென்ற ஐந்து மீனவர்களை, ஹெராயின் கடத்தினர் என்று இலங்கைக் கடற்படை பிடித்தது. தாங்கள் குற்றமற்றவர்கள் என்று அவர்களும் குடும்பத்தாரும் சொல்லிவந்தனர். மூன்று ஆண்டு சிறைக்குப்பின், 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் அவர்களுக்கு மரண தண்டனை விதித்தது. செய்தி வந்த அன்றே இராமேசுவரம் தீவு கொந்தளித்தது. தண்டவாளத்தைப் பெயர்த்தனர். அரசுப் பேருந்தொன்று தீக்கிரையாயிற்று. இந்திய அரசு மேல்முறையீட்டுக்கு ஏற்பாடு செய்தது. பிரதமர் மோடி இலங்கைக் குடியரசுத் தலைவர் இராசபக்சேயுடன் தொலைபேசியில் பேசினார். பொதுமன்னிப்புக்கு வழிவிட மேல்முறையீடு திரும்பப் பெறப்பட்டது. நவம்பர் 19இல் விடுதலை பெற்ற ஐவரும் பின்னர்த் தாயகம் திரும்பினர்.

நன்றே முடிந்தது எனலாம். ஆனால் சட்டத்தைச் சற்று நோக்குங்கள். இலங்கையில் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இரண்டு கிராம் ஹெராயின் வைத்திருந்தாலே மரணம் அல்லது ஆயுள் சிறை. இந்தியாவின் போதைப்பொருள் தடைச் சட்டம் 1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஐந்து கிராம் வரை ‘சிறிய அளவு’, ஓராண்டு வரை சிறை. 250 கிராம் முதல் ‘வணிக அளவு’, பத்து முதல் இருபது ஆண்டுச் சிறை. நம் சட்டத்திலும் பெருமளவில் மீண்டும் மீண்டும் குற்றம் புரிவோர்க்குத் தூக்கு எழுதப்பட்டிருக்கிறது. 2014க்குப் பிறகு அது நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டுள்ளது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒரு கைப்பிடித் தூளின் பொருள் அந்த 30 கிலோமீட்டருக்குள் மாறிவிடுகிறது. நாட்டுக் கடல் எல்லையோ அலையின்மேல் கோடாகத் தெரிவதில்லை.

இதனால் நேர்வது யாது? கடத்தல்காரனைப் பிடிப்பதாக ஒரு கடற்படை கூறும், மீனவனைத் துன்புறுத்துவதாக மறுகரை கூறும். கச்சத்தீவு பற்றி 1974இலும் 1976இலும் ஒப்பந்தங்கள் ஆனபின்னும் தீராத மீன்பிடிப் பூசலின்மேல், போதைப்பொருள் என்ற ஐயமும் ஏறிக்கொள்கிறது. குற்றமற்ற வலைஞனும் குற்றவாளியைப்போல் நோக்கப்படுகிறான். இலங்கையில் பிடிபடும் கஞ்சாவுக்குக் ‘கேரள கஞ்சா’ என்றே பெயர் வழங்குகிறது. அயலானின் பிள்ளைகளைக் கெடுக்கும் சரக்கு நம் பெயரைச் சுமந்து செல்வது நமக்கு இழுக்கன்றோ? கிழக்கேயும் இதே கதை. இங்கே இருமலுக்கு மருந்தாக விற்ற கோடீன் கலந்த பானம், வங்காளதேசத்தில் தடை செய்யப்பட்ட போதைப்பொருள். எல்லை தாண்டி அது போய்க்கொண்டே இருப்பது குறித்து அந்நாடு நம்மிடம் முறையிட்டு வந்திருக்கிறது.

மலேசியாவும் சிங்கப்பூரும் பாலத்தால் இணைந்த அயல்நாடுகள். 2009இல் 42.72 கிராம் ஹெராயினுடன் சிங்கப்பூரில் நுழைந்த மலேசியத் தமிழ் இளைஞன் ஒருவனுக்காக, மலேசியப் பிரதமரே கடிதம் எழுதினார். பயனில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று அவன் தூக்கிலிடப்பட்டான். மறு ஆண்டில் மலேசியா கட்டாய மரண தண்டனையைத் தன் சட்டங்களிலிருந்து நீக்கியது. பாலத்தின் ஒரு முனையில் இரக்கத்துக்கு இடம், மறுமுனையில் இல்லை. எந்த முனையில் பிடிபட்டாலும் பிடிபடுபவன் கூலியே. முதலாளியைக் கடலிலும் காண முடியாது, பாலத்திலும் காண முடியாது.

இவ்வாறு கூறி, “தம்பி, இங்கே அது மருத்துவர் சீட்டோடு ஒரு நோயாளிக்குப் பத்து மாத்திரை. அங்கே மூட்டையாய் இறங்கும்போது எந்த நோயாளிக்கு அது? போர்மேன் சொல்வதைக் கேட்டிருப்பாயே, தனித்தனியே இருந்தால் உறங்கும், சேர்த்தால் விழிக்கும் என்று. கடனும் பேராசையும் எல்லையும் ஒன்றாய்ச் சேருமிடத்தில் மருந்து வெடிக்கும்” என்றோம்.

அவன் நெடுநேரம் தலைகுனிந்திருந்தான். பிறகு, “அந்த அஞ்சு பேரோட இன்னும் மூணு பேருக்கும் தூக்குன்னு தீர்ப்பாச்சே சாமி. அவங்களும் தமிழாளுங்கதானே, யாழ்ப்பாணத்துப் பக்கம். அவங்களுக்கு யார் பேசினாங்க?” என்று கேட்டான்.

அந்த வினா நம்மைச் சுட்டது. ஆம், அதே தீர்ப்பில் இலங்கையைச் சேர்ந்த மூவரும் மரண தண்டனை பெற்றனர். 2014 நவம்பரில் நம் பங்கில் ஐவருக்காகச் செபமாலையும் நற்கருணை ஆராதனையும் நடத்தினோம். ஐவரின் பெயர்களையும் பீடத்தில் வாசித்தோம். மூவரைப் பற்றி ஒரு சொல்லும் உரைத்தோமில்லை. நம்முடையவர் அல்லர் என்று எண்ணியதாகக்கூட நினைவில்லை. எண்ணவே இல்லை என்பதுதான் உண்மை. சகோதரனுக்குக் காவலாளியா நான் என்று காயீன் கேட்ட கேள்வியைப் பற்றி ஆண்டுதோறும் பிரசங்கம் செய்துவிட்டு, நாமே அக்கேள்வியைக் கேளாமல் கேட்டிருக்கிறோம்.

திருச்சபையின் குரல்

இலங்கையில் 1976க்குப்பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் அன்றைய குடியரசுத் தலைவர் சிறிசேனா, போதைப்பொருள் வழக்கில் நால்வரைத் தூக்கிலிட ஆணையில் கையொப்பமிட்டார். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அதற்கு ஓராண்டு முன்னர், 2018இல், திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி நூலைத் திருத்தி, மரண தண்டனை எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று என்று போதித்திருந்தார். மனிதன் எவ்வளவு தவறினும் அவனுடைய மாண்பு அழிவதில்லை என்பதே அதன் அடிப்படை.

இது கடத்தலுக்குச் சலுகையன்று. போதைக்கு அடிமையான மகனின் தாயை எந்தப் பங்குக் குருவும் அறிவான். தாலியை விற்ற வீடுகள் உண்டு, பிள்ளையைக் கண்டு பெற்றோரே அஞ்சும் வீடுகள் உண்டு. அத்தாய்மார் இக்கரையிலும் இருக்கிறார்கள், அக்கரையிலும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணீரை நினைத்தால், அரசுகள் ஒருவர்மீது ஒருவர் பழிசுமத்தும் வழக்கம் ஓய வேண்டும். வழியும் இல்லாமலில்லை. 1990இல் தெற்காசிய நாடுகள் மாலத்தீவின் மாலேயில் கூடிப் போதைப்பொருள் தடுப்பு உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. 2010இல் இந்தியாவும் இலங்கையும் தண்டனை பெற்ற கைதிகளைத் தத்தம் நாட்டுக்கு மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. அவற்றைத் தாளிலிருந்து கடலுக்குக் கொண்டுவர வேண்டும். மூட்டையைச் சுமப்பவனைவிட மூட்டைக்குப் பணம் கொடுப்பவனை இரு நாடுகளும் சேர்ந்து தேட வேண்டும்.

கச்சத்தீவுப் புனித அந்தோணியார் திருவிழாவுக்கு இரு கரை மக்களும் படகேறிச் செல்கின்றனர். தவக்காலத்தையொட்டி வரும் அவ்விழாவில் ஒரே பீடத்தைச் சுற்றி இரு நாட்டவரும் முழந்தாளிடுகின்றனர். காணாமற்போனதைக் கண்டுதரும் புனிதர் அவர். காணாமற்போன நம்பிக்கையையும் அவரிடம் கேட்கலாம்.

நம் வீடுகளில் செய்ய வேண்டியதும் உண்டு. பிள்ளைகளின் சட்டைப் பையில் சீட்டில்லாத மாத்திரை இருந்தால் அது என்னவென்று கேளுங்கள். திடீரென வந்த பணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அயல்நாடு செல்வோர், பிறர் தந்த பொட்டலத்தை உறவுக்காரர் தந்ததே ஆயினும் திறந்து பாராமல் சுமக்கலாகாது. கடன்பட்ட குடும்பம் பங்கில் இருந்தால், அந்த வீட்டுக் கதவைக் கடத்தல்காரன் தட்டுமுன் நாம் தட்ட வேண்டும்.

ஞாயிறு காலை

மறுநாள் ஏழு மணிக்குத் திருப்பலி. ஓட்டுக்கூரை வேய்ந்த சிறு கோவில் நிரம்பியிருந்தது. பலருடைய விரல்களில் அலுமினியத் தூளின் வெள்ளிநிறம் ஞாயிற்றுக்கிழமையிலும் போகாமல் ஒட்டியிருந்தது. அக்கைகளில் நற்கருணை வழங்கினோம். விசுவாசிகள் மன்றாட்டில், ஆலைகளில் இறந்தோருக்காகவும், கடலில் பிடிபட்டோருக்காகவும், 2014இல் தண்டனை பெற்ற எண்மருக்காகவும் வேண்டினோம். ஐவருக்கு அன்று, எண்மருக்கு. பத்தாண்டுக்கு மேல் தாமதம்தான். ஆயினும் ஆண்டவர் நேரம் பார்ப்பவரல்லர். மற்றொரு கைதிக்காகத் தம் உயிரை ஈந்த புனித மாக்சிமிலியன் கோல்பேயைப் போதைக்கு அடிமையானோரின் பாதுகாவலராகத் திருச்சபை மக்கள் நாடுவதன் பொருள் அன்று நமக்குச் சற்று விளங்கிற்று.

பூசைக்குப்பின் நம் தோழர், புனித வின்சென்ட் தே பவுல் சபையினரை அழைத்துப் பேசினார். கடன் முழுவதும் தீர அவர்களால் ஆகாது. வட்டியைக் கட்டி, கடன்காரரிடம் தவணை பேச ஒருவர் முன்வந்தார். அக்காள் கணவருக்கு இங்கேயே வேலை தேடித்தர போர்மேன் ஒப்புக்கொண்டார். சிறிய உதவிதான். ஆனால் ஒரே இரவில் தீரும் என்ற பொய்க்கு எதிரே, மாதந்தோறும் கொஞ்சம் தீரும் என்ற மெய்யை வைக்க முடிந்தது.

பேருந்து நிலையம்வரை அந்த இளைஞன் நம் பையைச் சுமந்துவந்தான். பேருந்து வர நேரமிருந்தது. அவனுடைய கைபேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தான். முகம் மாறிற்று. யார் என்று நாம் கேட்கவில்லை. ஒலித்து ஒலித்து அது ஓயும்வரை கையில் வைத்திருந்துவிட்டு, பேசாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“மறுபடியும் கூப்பிடுவான் சாமி” என்றான்.

“நாங்களும் கூப்பிடுவோம்” என்றோம்.

அன்பு வாசகர்களே, இவ்வாண்டு தீபாவளிக்கு உங்கள் தெருவில் மத்தாப்பு ஒளிரும்போது, அம்மருந்தைப் பக்குவமாய்க் கையாண்ட கைகளுக்காக ஒரு செபம் சொல்லுங்கள். அவ்வொளியைக் காணும் வேளையில் இருகரைச் சிறைகளிலும் இருப்போரையும், கைபேசி ஒலிக்கக் கேட்டு நடுங்கும் பிள்ளையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.